கப்பலை முந்திய சந்திரமதி

அப்பாவின் கடிதம், மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. 1958, மே மாதம். பதினோரு மணி ஷிப்டுக்குப் போக அம்மா புடவை கட்டிக்கொண்டிருந்தார். தபால்காரர் சைக்கிள் மணியடித்ததும் வெளியே போய் வாங்கினார். உறையில் பினாங்கு முத்திரை. அப்பாவோ, கோலாலம்பூரில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி வியாழக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். பினாங்கிலிருந்து ஏன் எழுதுகிறார் என்று நினைத்தபடியே அம்மா உறையைக் கிழித்திருக்கிறார்.

'சந்திரமதிக்கு. இதை நீ படிக்கும்போது நானும் கோகிலாவும் நடுக்கடலில் இருப்போம். இனி நான் மலாயாவுக்குத் திரும்புவதாக இல்லை. பிள்ளை என் தாயாரிடம் வளரும். வேலையை விட்டுவிட்டு அடுத்த மாதக் கப்பலில் நீ வந்தால் சேர்ந்து வாழலாம். வராவிட்டால் உன் இஷ்டம். போலீசுக்குப் போவதில் பயனில்லை. புறப்பட்ட கப்பலை யாராலும் திருப்ப முடியாது. தியாகராஜன்.'

அந்தக் கோகிலா நான். அப்போது எனக்கு வயது ஐந்து. நடந்ததில் பாதியை நானே கண்டேன். மீதியை அம்மா சொன்னார், அவருக்கு உதவியவர்கள் சொன்னார்கள்.

அப்பாவைக் கெட்டவர் என்று என்னால் ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் சித்தப்பாவோடு மலாயாவுக்கு வந்தவர். மலாக்காவில் கித்தா என்கிற ரப்பரை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. தியாகு என்றால் எல்லாருக்கும் தெரியும். முத்து முத்தான கையெழுத்து. மாலையில் என்னைச் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்து ஐஸ் காச்சாங் வாங்கித் தருவார். ஆனால் மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே அவருக்குள் ஒரு பயம் புகுந்துவிட்டது. நாடு மலாய்க்காரர்களுடையதாகிவிடும், நம்மை வைத்திருக்கமாட்டார்கள் என்பார். சுதந்திரம் அறிவித்த நாளில் ஊரே தெருவில் நிற்க, அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

அம்மா வேறு மாதிரி. மலாக்காவிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா ரோடு போடும் வேலையில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட என்று அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. போனவர் தானாக வருவார் என்று அம்மாவின் தாயார் யாரையும் விசாரிக்காமல், எங்கும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்து, சண்டை முடிந்த மறுவருடம் கண்ணை மூடினார். பதினாறு வயதில் அம்மா தனியாள். கான்வென்ட்டில் படித்திருந்த ஆங்கிலம் கைகொடுத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். பிறகுதான் கல்யாணம், பிறகுதான் நான்.

அந்த வருடம் ஜனவரியில் மூன்று பேரும் இந்தியா போய் வரலாம் என்று அப்பா ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட் எடுத்தார்கள், அம்மை ஊசியும் காலரா ஊசியும் போட்டுக்கொண்டார்கள். என் பெயரை அப்பாவின் பாஸ்போர்ட்டில் சேர்த்தார்கள். கப்பல் டிக்கெட் வந்த அன்று அம்மா அதை வாங்கிப் பார்த்தார். மூன்றும் ஒருவழி டிக்கெட்டுகள்.

"திரும்பி வர்றதுக்கு டிக்கெட் எங்கங்க?"

"அங்கதான் நம்ம வீடு. எதுக்குத் திரும்பி வரணும்?"

"உங்க வீடு அங்க. எனக்கு இதுதான் ஊரு. நான் வரமாட்டேன்."

பயணம் நின்றது. அதோடு முடிந்தது என்று அம்மா நினைத்தார். அப்பா முடிக்கவில்லை.

கடிதத்தைப் படித்ததும் அம்மா அழவில்லையாம். பின்னாளில் நான் கேட்டபோது, "அழறதுக்கு நேரம் பார்த்தேன், இல்ல" என்றார். ஷிப்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்பே எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தம் நாற்காலியில் உட்கார்ந்து, பினாங்கு லைனில் வயரைச் செருகினார். ஆப்பரேட்டர்கள் சொந்த வேலைக்கு வெளியூர் டிரங்க் லைனைத் தொடக்கூடாது. மேற்பார்வை செய்யும் யுரேசிய மாது பின்னால் வந்து நின்றார். அம்மா கடிதத்தை எடுத்து நீட்டி, இரண்டே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார்.  அந்த மாது ஜன்னல் பக்கம் போய், ஆப்பரேட்டர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவில் போகிற ரிக்‌ஷாக்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வார்.

பினாங்கில் கப்பல் ஏஜெண்டின் குரல் அலட்சியமாக இருந்தது. ஆமாம், சனிக்கிழமை மாலை கப்பல் கிளம்பிவிட்டது. நடுவில் எங்கும் நிற்காது. வியாழக்கிழமை காலை நாகப்பட்டினம், வெள்ளிக்கிழமை மதராஸ்.

அப்பா ஊருக்கு நாகப்பட்டினத்தில்தான் இறங்குவார். அங்கிருந்து திருவாரூர் கூப்பிடு தூரம். அம்மா பென்சிலை எடுத்து அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே 'வியாழன் காலை' என்று எழுதினார். அடுத்து சிங்கப்பூர் லைன்.

அந்தப் பக்கம் ருக்மணி. சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்சில் தமிழ் பேசும் ஆப்பரேட்டர். இருவரும் மூன்று வருடங்களாகத் தினம் பத்துத் தடவை பேசுகிறவர்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததே இல்லை.

"ருக்கு, மெட்ராசுக்குப் பிளேன் எப்போ இருக்கு? எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டுச் சொல்லு, லைனை வெட்டாத."

"யாருக்குலா? எந்தப் பணக்காரத் தவ்கே பறக்கப் போறாரு?"

"எனக்கு."

ருக்மணி மறுபேச்சுப் பேசாமல் விமானக் கம்பெனிக்கு இணைப்புப் போட்டு விசாரித்தார். வாரத்துக்கு இரண்டே விமானம். அடுத்தது புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. தூரம் ஆயிரத்து எண்ணூறு மைல். ஏழு மணி நேரம். அங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் இருப்பதால், இறங்கும்போது மதராசில் பிற்பகல் இரண்டு மணிதான். எழும்பூரிலிருந்து மாலை ரயிலைப் பிடித்தால் மறுநாள் காலை நாகப்பட்டினம் போய்விடலாம்.

கப்பலுக்கு நான்கு நாளுக்கு மேல். விமானத்துக்கு ஏழு மணி நேரம். அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார். அப்பா நான்கு நாள் முன்னால் கிளம்பியிருக்கிறார். ஆனாலும் முந்தலாம்.

"ருக்கு, ஒரு சீட்டு என் பேருல எழுதச் சொல்லு."

செய்தி மாலைக்குள் பரவிவிட்டது. அப்பாவின் கம்பெனியில் தலைமைக் கிராணியாக இருந்த நல்லையா வீட்டுக்கே வந்தார். இந்து சபையில் பெரிய மனிதர். அம்மா நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை.

"ஏம்மா, தியாகு செஞ்சது தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா கல்யாணமான பொம்பள தனியா ஆகாசத்துல பறந்து போயி புருசனை மறிக்கிறதா? ஊர் சிரிக்கும். பொறுமையா ஒரு லெட்டர் போடு. ஒரு வருசத்துல கோபம் தணிஞ்சு வந்துருவாரு."

"அண்ணே, அவரு டிக்கெட் வாங்கினது உங்களுக்குத் தெரியுமா?"

நல்லையா தரையைப் பார்த்தார். "என்கிட்ட லீவு கேட்டாரு. நான் குடும்ப விசயத்துல தலையிடறதில்ல."

"அப்ப இதுலயும் தலையிடாதீங்க."

"அப்பாகிட்டதானே பிள்ளை இருக்கு? யாரோ தூக்கிட்டுப் போயிட்ட மாதிரி குதிக்கிறியே."

"எங்கப்பாவைக் கொண்டுபோனப்ப எங்கம்மா பொறுமையாத்தான் இருந்தாங்க, அண்ணே. வருவாரு வருவாருன்னு உட்கார்ந்தே செத்துப் போனாங்க. நான் உட்காரமாட்டேன். கதவைச் சாத்தணும், நீங்க கிளம்புங்க."

டிக்கெட்டுக்கு என்ன செய்வது என்பதில் அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் டவுனில் ஒரு நகைக் கடைக்குப் போய்த் தாலிக்கொடியைக் கழற்றி வைத்தார். பத்தர் பதறிப்போய், வளையல் இருந்தால் அதைக் கொடுங்கள் என்றாராம். வளையலையும் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தால்தான் போதும். தாலியை மட்டும் வெட்டி வாங்கி, முகப்பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீடு, கம்போங் செட்டி என்ற குடியிருப்பின் ஓரத்தில் இருந்தது. எதிர்வீட்டு சிவகாமி அக்கா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பம். தமிழில் சாமி கும்பிடத் தெரியும், பேசத் தெரியாது. வீட்டில் மலாய்தான். அம்மா பெட்டி கட்டும்போது கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வந்து நின்று, வெறும் கழுத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தம்முடைய புதுத் தோல்பெட்டியைக் கொண்டுவந்து, அம்மாவின் பழைய தகரப் பெட்டியில் இருந்ததையெல்லாம் அதில் மாற்றி அடுக்கினார். மேலே வாழையிலையில் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் இரண்டு வைத்தார்.

"லு பிகி, சந்திரா. ஜாங்கான் தாக்குட்." நீ போ, பயப்படாதே என்றார்.

பெட்டியின் அடியில் அம்மா மூன்று காகிதங்களை வைத்திருந்தார். பாஸ்போர்ட், ஊசி போட்ட மஞ்சள் புத்தகம், என் பிறப்புப் பத்திரம். கடைசியாகச் சொன்னதை அப்பா எடுத்துப் போகவில்லை. பாஸ்போர்ட்டில் என் பெயர் இருந்ததால் அவருக்கு அது தேவைப்படவில்லை.

மலாக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு நூற்றைம்பது மைல். அப்பாசாமி என்பவரின் டாக்சி. மூவார் ஆற்றில் பாலம் கிடையாது, காரோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும். அங்கே வரிசையில் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு யோங் பெங் பக்கம் ரோட்டை மறித்து மாத்தாக்கள், போலீஸ்காரர்கள், நின்றார்கள். அது அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று ஜொகூர் ரோடுகளில் ஒரு பிடி அரிசியைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள். வாழையிலைப் பொட்டலம் இரண்டும் வெளியே வந்தன.

அப்பாசாமிக்கு வியர்த்துவிட்டது. "தங்கச்சி, சோறு இருக்குன்னு சொல்லலியே! ஸ்டேசனுக்குக் கொண்டு போயிருவான். பொழுதுக்கும் உட்கார வச்சிருவான்."

அந்த மலாய்க்காரச் சார்ஜெண்ட் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்டேசனுக்கு வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அம்மா மலாயில் கேட்டார்: "சோற்றைக் கொண்டுபோகக் கூடாது என்றுதானே சட்டம்? சாப்பிடக் கூடாது என்று இருக்கிறதா?" சார்ஜெண்ட் யோசித்தார். அம்மா ஒரு பொட்டலத்தை அப்பாசாமியின் கையில் திணித்தார். இன்னொன்றைப் பிரித்து, நடுரோட்டில், துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே நின்று சாப்பிட ஆரம்பித்தார். கடிதம் வந்ததிலிருந்து அவர் வாயில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்று, இலையை மடித்துச் சார்ஜெண்டிடம் நீட்டினார்.

"இனி என்னிடம் சோறு இல்லை. போகலாமா?"

தடைக் கட்டை தூக்கப்பட்டது. ஜொகூர் பாரு வரும்வரை அப்பாசாமி சிரித்துக்கொண்டே ஓட்டினாராம்.

அன்று இரவு அம்மா சிங்கப்பூரில் ருக்மணி வீட்டில் தங்கினார். கதவைத் திறந்தது நெடுநெடுவென்று வளர்ந்த, அம்மை வடுவுள்ள ஒரு பெண். "ஹலோ" என்றதும்தான் இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்தது. அம்மா முதல்முறையாக அழுதது அங்கேதான்.

புதன்கிழமை காலை பாயா லேபார் விமான நிலையத்தில் மழை கொட்டியது. ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் பதினொன்றுக்குத்தான் கிளம்பியது. இரண்டு மணி நேரம் போய்விட்டதே, எழும்பூர் ரயில் நிற்குமா என்று அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஜவுளி வியாபாரி ஒருவர்.

"கூட யாரும்மா வர்றாங்க?"

"யாரும் இல்லங்க."

"முதல் தடவையா? பயமா இல்லையா?"

"பயந்தா இறக்கி விடுவாங்களா?"

 விமானம் குலுங்கியபோது வியாபாரி இரண்டு முறை வாந்தி எடுத்தார், அம்மாவும் எடுத்தார். நடுவில் விமானி அனுப்பிய ஒரு சீட்டு கைக்குக் கை மாறி வந்தது. எவ்வளவு உயரம், மணிக்கு எத்தனை மைல் வேகம், எப்போது இறங்கும் என்று அதில் எழுதியிருந்தது. மற்றவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். அம்மா மட்டும் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் மூன்று தடவை படித்தார். மணிக்கு இருநூற்று எழுபது மைல். கப்பல் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் அதைவிடக் கொஞ்சம்தான் கூட ஓடும்.

பிறகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். மேகம் விலகிய இடங்களில் கடல் தகடுபோலக் கிடந்தது. கப்பல் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்தக் கடலின் மேல்தான் என் பிள்ளை போகிறாள், இந்நேரம் அவளைத் தாண்டியிருப்பேன் என்று ஒரு கணம் தோன்றியதாம். "அந்த நேரத்துல உங்கப்பா மேல கோபமே இல்ல. ஜெயிச்சிட்டேன்னுதான் இருந்துச்சு" என்பார்.

மதராசில் இறங்கும்போது அங்கே மாலை நான்கு மணி. மஞ்சள் புத்தகத்தைக் காட்டி, சுங்கத்தில் பெட்டியைத் திறந்து மூடி, ஒரு வாடகைக் காரைப் பிடித்து எழும்பூருக்கு ஓடினார். ரயில் இருந்தது. மாயவரத்தில் வண்டி மாறி, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நாகப்பட்டினம்.

இனி என் பக்கம்.

அப்பா என்னிடம், அம்மா பின்னால் வருவாள் என்று சொல்லியிருந்தார். எனக்குக் கப்பல் பிடித்திருந்தது. கீழ்த்தளத்தில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். என் தலையை வாரிவிட்டது கமலவேணி என்ற அம்மாள். பேராக் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் வெட்டி ஓய்ந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர். இரண்டாம் நாள் அவர் அப்பாவிடம், பிள்ளையின் அம்மா எங்கே என்று கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"தவறிட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாப் பெண்களும் என்மேல் பாசமாக இருந்தார்கள். பிஸ்கட் கொடுத்தார்கள். நாங்கள் கிளம்பிய பிறகு அம்மா செத்துப்போய்விட்டார், அப்பாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஐந்து வயதில் எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகுகளில் இறக்கிக் கொண்டுவருவார்கள். நாங்கள் மூன்றாவது படகில் வந்தோம். அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு சுங்கக் கொட்டகைக்குள் நுழைந்தார். மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. அவர் மேசைக்கு அந்தப் பக்கம், தோல்பெட்டியைக் கீழே வைத்துக்கொண்டு, அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அப்பா அப்படியே நின்றார். 

"கோகிலா" என்றார் அம்மா.

நான் கேட்ட கேள்வி எனக்கே நன்றாக நினைவிருக்கிறது. "அம்மா, நீங்க செத்துப் போகலியா?"

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்பாவைப் பார்த்தார். பிறகு, தினமும் நூறு பேருக்கு நம்பர் சொல்லிப் பழகிய அந்தத் தெளிந்த குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவரோட ஒரே கப்பல்ல வந்தவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. செத்துப் போனதா இவர் சொன்ன பொண்டாட்டி நான்தான். எனக்குத் தெரியாம பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டார். நான் பிளேன்ல வந்திருக்கேன்."

"சந்திரா, கூச்சல் போடாத. வெளிய போயிப் பேசலாம்" என்றார் அப்பா.

"வெளிய போனா உங்க ஊரு. இங்கயே பேசலாம்."

"தாலி எங்க?" அப்பாவின் குரலில் கோபத்தைவிடத் திகைப்பே அதிகம்.

"ஏழு மணி நேரம் பறந்து வந்தேன்ல, கொடி அதுக்கு ஆச்சு."

அதற்குள் கமலவேணி அம்மாள் முன்னால் வந்துவிட்டார். அப்பாவின் தோளிலிருந்து என்னை இறக்கினார். அப்பா பிடியை விடவில்லை. "விடுய்யா" என்றார் அவர். "நாலு நாளா தாயில்லாப் பிள்ளைன்னு இதுக்கு நான் சோறு ஊட்டினேன். என் வாயால ஐயோ பாவம்னு சொல்ல வச்சியே, உயிரோட இருக்கிறவளுக்கு!" சுற்றி இருந்த பெண்களும் நெருங்கி வந்தார்கள். அப்பாவின் கை தளர்ந்தது. நான் மேசைக்கு அடியில் புகுந்து அம்மாவிடம் ஓடினேன்.

 அதிகாரி, குடும்பத் தகராறைத் தம்மால் தீர்க்க முடியாது, கோர்ட்டுக்குப் போங்கள் என்றார். அம்மா என் பிறப்புப் பத்திரத்தை அவர் முன்னால் வைத்தார்.

"சார், இதுல தாயார் பேரு இருக்கு. பாஸ்போர்ட்லயும் அதே பேரு. இவரு இறங்கறதுக்கு எழுதிக் கொடுத்த பாரத்துல என்ன இருக்குன்னு பாருங்க."

அதிகாரி அப்பாவிடமிருந்து பாரத்தை வாங்கிப் பார்த்தார். மனைவி என்ற இடத்தில் 'காலமானார்' என்று அந்த முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, ஐயா" என்றார் அதிகாரி. "இதை நான் மேல அனுப்பினா, உங்க அம்மாவைப் பார்க்கறதுக்கு முன்னாடி போலீசைப் பார்க்கணும். அந்தம்மா பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க, எனக்கு ஆட்சேபணை இல்லேன்னு எழுதிக் கொடுங்க. வேற பாரம் தர்றேன்."

அப்பா வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அவரிடம் போக வேண்டும் என்றேன். அம்மா என்னைத் தடுக்கவில்லை. போய்விட்டு வா என்றார். அப்பா என் உச்சியை முகர்ந்தார். "அங்க நம்மளை வச்சிருக்க மாட்டாங்க, சந்திரா. ஒரு நாள் நீயே என்னைத் தேடி வருவ" என்றார்.

"துரத்தினா பார்த்துக்கலாம். துரத்தறதுக்கு முன்னாடியே நான் ஓடமாட்டேன்" என்றார் அம்மா.

வேலை அதோடு முடியவில்லை. நான் அப்பாவின் பாஸ்போர்ட்டில் வந்தவள். அம்மாவோடு கப்பல் ஏற என் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் ஏற வேண்டும். அம்மா மதராசில் ஒரு சத்திரத்தில் தங்கி, தினமும் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார். இந்த மேசையில் கேட்டால் அந்த மேசை என்றார்கள். தகப்பன் நேரில் வர வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அவர் கைப்பட எழுதியதை அம்மா காட்டினார். நாளைக்கு வா என்றார்கள். அம்மா மறுநாள் கதவு திறக்கும் முன்னால் போய் நின்றார். இருபத்திரண்டு நாள். அதற்குள் மலாக்காவுக்கு ஒரு தந்தி அடித்தார். எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்த யுரேசிய மாது பதில் அனுப்பினார்: உன் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

திரும்பும்போது கப்பல்தான். விமானத்துக்கு விற்க நகை எதுவும் மிச்சமில்லை. சிவகாமி அக்கா எங்கள் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றி வைத்திருந்தார். இந்து சபையில் மட்டும் ஆறேழு மாதம் அம்மாவிடம் யாரும் பேசவில்லை. அம்மா அதற்காகத் திருவிழாவுக்குப் போகாமல் இருக்கவில்லை. முதல் வரிசையிலேயே போய் நின்றார்.

என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது, தகப்பன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று அங்கிருந்த கிராணி பிடிவாதம் பிடித்தார். "தூரம் ஆயிரத்து எண்ணூறு மைலுங்க. நீங்களே போயி வாங்கிட்டு வர்றீங்களா, இல்ல நான் போடட்டுமா?" என்று கேட்டு, பேனாவை எடுத்து அம்மாவே போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட கையெழுத்து.

அப்பா வருடத்துக்கு இரண்டு கடிதம் எனக்கு எழுதினார். அம்மா பிரிக்காமல் அப்படியே என்னிடம் கொடுப்பார். ஊரில் அவர் கூட்டுறவு வங்கியில் வேலைக்குச் சேர்ந்ததும், பின்னால் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டதும் அந்தக் கடிதங்களில்தான் தெரிந்தது. 1966-இல், பழைய கம்பெனியில் தமக்கு வரவேண்டிய ஏதோ காகிதங்களுக்காக ஒருமுறை மலாக்கா வந்தார். ஒரு காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். முடி நரைத்திருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது.

அம்மா அவரை உள்ளே வரச் சொன்னார். "பசியாறிட்டுப் போங்க" என்று இடியப்பமும் சம்பாலும் வைத்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் அம்மாவின் குடியுரிமைப் பத்திரம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"யாரும் துரத்தலியா?" என்றார். கேலியாகத்தான் கேட்க நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை.

"சிலர் துரத்திப் பார்த்தாங்க" என்றார் அம்மா. "நான் போகல."

அப்பா தலையை ஆட்டினார். என்னிடம் கொஞ்ச நேரம் படிப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்து போனார். அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மணியைப் பார்த்து, ஷிப்டுக்குக் கிளம்பினார்.